ஸ்மைல் ப்ளீஸ், வாத்து சார்!

பள்ளிக்கரணையைத் தாண்டும்போது, 'உவ்வே, குப்பைமேடு' என்று மூக்கைப் பொத்திக்கொள்கிற ஆளா நீங்க? அதே துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் ரோட்டோரம், டிசம்பர் மாதக் காலையில் ஏழு மணிக்குக் கேமராவோடு நின்னு பாருங்க பாஸ். டிக்கெட்டே இல்லாத காமெடி ஷோ!

முதல் என்ட்ரி, சின்னக் கொக்கு. கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள். சாக்ஸ் போட்ட மாதிரி. ஒரு காலைத் தண்ணிக்குள் விட்டு கிடுகிடுனு உதறும். கல்ச்சுரல்ஸ் மேடையில் ஸ்டெப் மறந்துபோன பையன் கணக்கா இருக்கும். மேட்டர் என்னன்னா, சேற்றில் பதுங்கின மீனை வெளியே கிளப்பத்தான் அந்த டான்ஸ். தலை தெரிஞ்சா... டபக்!

அடுத்து, புள்ளிமூக்கு வாத்து. தலை தண்ணிக்குள்ளே, வால் வானத்தைப் பார்த்து. இரை தேட இதுங்க முழுசா முங்குறதில்லை. கவிழ்ந்தால் கழுத்து எட்டுகிற ஆழம் வரைக்கும்தான் மேய்ச்சல். ஆறேழு வாத்து ஒண்ணா கவிழ்ந்தால், உங்க ஃப்ரேமில் வரிசையா வால்தான். என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிற வாத்துப் படங்களில் முக்கால்வாசிக்கு முகமே கிடையாது!

தட்டைவாயன் வாத்து இன்னும் மோசம். கும்பலா கோயில் பிரகாரம் சுத்துற மாதிரி ரவுண்டு அடிக்கும். கலங்கி மேலே வர்ற குட்டிக் குட்டி உயிரிகளைக் கரண்டி அலகால் வடிகட்டிச் சாப்பிடும்.

நெடுங்கால் உள்ளான் உட்கார்றதை மிஸ் பண்ணாதீங்க. முட்டி பின்பக்கமா மடங்கும். (ரகசியம்: அது முட்டியே இல்லை, கணுக்கால். நிஜ முட்டி மேலே இறகுக்குள் ஒளிஞ்சிருக்கு.)

டெக்னிக் ரொம்ப சிம்பிள். சூரியன் உங்க முதுகுப் பக்கம் இருக்கட்டும். குத்தவெச்சு உட்கார்ந்து எடுங்க. ஷட்டர் ஸ்பீடு 1/1000-க்குக் குறையாம வைங்க.

கடுப்பேத்துற கோஷ்டி ஒண்ணு இருக்கு. 'பறக்கிற ஷாட்' வேணும்னு கை தட்டும், கல் வீசும். நாம சிரிக்கிற ஒவ்வொரு சீனும் அதுங்களுக்குச் சாப்பாட்டு நேரம். தட்டைவாயன் இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வர்ற விருந்தாளி. திரும்பிப் போக, உடம்பில் சேர்க்கிற கொழுப்புதான் பெட்ரோல். ஒவ்வொரு கல்லுக்கும் கொஞ்சம் பெட்ரோல் காலி. தள்ளிப் போய் மேயலாம்னா இடமும் இல்லை. முன்பு இதைப்போலப் பல மடங்கு பரந்து கிடந்த சதுப்புநிலம் இது. குப்பையும் கட்டடமும் விழுங்கினது போக, 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது சுமார் 1,247 ஹெக்டேர்தான்.

கல்லைக் கீழே போட்டுட்டு அரை மணி நேரம் அசையாம உட்காருங்க. வாத்து தானாப் பக்கத்தில் வந்து வாலைக் காட்டும்!