குடை விரிக்கும் கார்

மழையில் நனைந்து வந்த குடையை அப்படியே மடக்கி மூலையில் சாத்தி வைத்தால் என்ன ஆகும் என்று நமக்கெல்லாம் தெரியும். நாலாம் நாள் விரித்தால் ஒரு வாடை அடிக்கும். துணியில் கறுப்புக் கறுப்பாய்ப் பொட்டு விழுந்திருக்கும். கம்பி முனைகளில் துரு ஏறியிருக்கும். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும், கூரை மடக்கும் காரைப் பராமரிக்கும் படிப்பில் பாதி முடிந்தது என்பேன். மீதிப் பாதியை நான் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரை ஒரு சுற்று சுற்றி வந்து கற்றுக் கொண்டேன்.

"காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். இது துணி, நூல், நாடா, டிச் பட்டன் சமாசாரம். படித்துத்தான் பாருங்களேன்!

எங்கள் வீட்டுக் கார் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இளையவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். 1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் வெளிவந்த வண்டி இது. இத்தாலிக்காரரான ஜியோவானி மிக்கெலாட்டி உருவம் கொடுத்தது. 1961 முதல் அதையே நம் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியார் செய்து விற்றார்கள். அந்த வண்டியில் ஒரு விசேஷம் உண்டு. அதன் கூரை உடம்போடு பற்ற வைத்தது அல்ல, போல்ட் போட்டு முடுக்கியது. போல்ட்டைக் கழற்றினால் டப்பா மூடி போலத் தனியே வந்துவிடும். அடியில் தனியாகச் சாஸி இருப்பதால் கூரை இல்லாவிட்டாலும் வண்டிக்கு பலம் குறையாது. அதனால்தான் இங்கிலாந்தில் அதே வண்டியைத் துணிக் கூரை போட்டும் விற்க முடிந்தது.

என் மாமனார் 1974-ல் இதைப் பழைய வண்டியாக வாங்கி, இரும்புக் கூரையை எடுத்துவிட்டு மடக்குக் கூரை போட்டுக் கொண்டார். ஆர்.சி. புத்தகத்தில் அதை முறையாகப் பதிந்தும் வைத்திருக்கிறார். இந்தக் காலத்தில் யாரும் ஆசைப்பட்டு இப்படிச் செய்துவிட வேண்டாம். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்றுவதற்குத் தடை போட்டிருக்கிறது.

மாமாவுக்கு இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலும் மடங்க மறுக்கின்றன. மற்றக் கார்களில் குனிந்து, காலை மடக்கி, உடம்பைத் திருப்பி ஏற வேண்டும். ஹெரால்டில் கூரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் குனிய வேண்டாம், நின்றபடியே பக்கவாட்டில் சீட்டில் இறங்கி உட்கார்ந்து விடலாம். அப்படித்தான் சனிக்கிழமைதோறும் பூந்தமல்லி வரதராஜப் பெருமாளைச் சேவித்து வருவார்.

போன வருஷம் கூரை மக்கர் செய்தது. பாதி வரை வரும், நின்றுவிடும். மூடினாலோ முன்பக்கம் கண்ணாடிச் சட்டத்தின் மேல் படியாது. மழை பெய்தால் நடுவில் குளம் கட்டி, தையல் வழியாகச் சீட்டில் சொட்டும். வாடகைக் காரில் ஏற்றிப் பார்த்தோம். இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. "நான் என்ன மூட்டையா?" என்று கேட்டார் மாமா. அதற்குப் பிறகு கோயிலுக்குக் கிளம்பவே இல்லை. திண்ணையோடு சரி. அத்தையும் தனியாகப் போக மாட்டேன் என்று நின்றுவிட்டார்.

ஒரு பட்டறையில் காட்டினோம். "பிரேம், துணி எல்லாமே புதுசா போடணும்" என்று ஒரு தொகை சொன்னார்கள். அதைக் கேட்டு என் கொழுந்தனார், "அண்ணி, பேசாம எடைக்குப் போட்டுடலாம்" என்றார். ஐப்பசி மழைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது.

ஒரு மத்தியானம் நானே வண்டிக்குள் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் கீல் வைத்த சட்டம். குறுக்கே வில் மாதிரி வளைந்த மூன்று இரும்புக் குழாய்கள். முன்னால் ஒரு மரச் சட்டம், அதைக் கண்ணாடியின் மேல் இழுத்துப் பிடிக்க இரண்டு கொக்கிகள். துணியை உரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு கெட்டி நாடாக்கள், முன்னிருந்து பின்வரை மூன்று குழாய்களையும் கோத்துக் கொண்டு போகின்றன. நம் ரவிக்கைக்கு உள்ளே கொடுக்கும் பட்டி மாதிரி, வெளியே தெரியாமல் எல்லாவற்றையும் இடத்தில் நிறுத்துவது இந்த நாடாதான். எங்கள் வண்டியில் அது நைந்து தொங்கிக் கொண்டிருந்தது.

ஆக வேண்டியவை குழாய், புஷ், துணி, நாடா, ரப்பர். இதற்கெல்லாம் நகரத்துக்குள் ஏன் போக வேண்டும்? பாடியில் தொடங்கித் திருவள்ளூர்ச் சாலையோடு மேற்கே வந்தால் எல்லாமே வண்டிச் சாமான் ஊர்தான்! பாடியில் ஸ்டார்ட்டர் மோட்டார், வைப்பர் மோட்டார் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ்.; பக்கத்திலேயே சக்கரமும் பிரேக்கும் செய்கிற ஆலைகள். அம்பத்தூர், சைக்கிளால் பேர் பெற்ற ஊர். டன்லப் டயர் ஆலை ஒரு காலத்தில் இங்கேதான் ஓடியது. பஸ்ஸில் "டன்லப் இறங்குங்க" என்ற குரலை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆவடியில் 1955-லிருந்து இரும்புக் குழாய் ஆலை. அப்புறம் 1965-ல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய கனரக வாகனத் தொழிற்சாலை. டாங்கி செய்கிற ஊரில் ஒரு காரின் கூரையைச் சரி செய்ய முடியாதா என்ன?

ஒரு வெள்ளிக்கிழமை கொழுந்தனார் வண்டியை ஓட்ட, நான் துணிப் பையோடு கிளம்பினேன். முதலில் அம்பத்தூர் எஸ்டேட். 1960-களில் அரசு ஏற்படுத்திய தொழிற்பேட்டை இது. பெரிய கம்பெனிகளின் முதுகுப்புறச் சந்துகளில் லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு பெரியவர் கீலை ஆட்டிப் பார்த்தார். "ஓட்டை முட்டை மாதிரி ஆயிடுச்சும்மா. சட்டம் ஒண்ணும் கெடல" என்றார். வருஷக்கணக்கில் ஆணி உரசி உரசி, வட்டமாக இருந்த துவாரம் நீண்டு போயிருக்கிறது. அதனால் ஒரு பக்கச் சட்டம் முன்னே போக, மறுபக்கம் பின்தங்குகிறது. கூரை பாதியில் நிற்க இதுதான் காரணம். துவாரத்தைச் சீராகக் கடைந்து, பித்தளையில் சின்னச் சின்ன புஷ் செய்து உள்ளே இறக்கிக் கொடுத்தார். டீ குடித்து முடிப்பதற்குள் இரண்டு புஷ் தயார்!

அடுத்து ஆவடி. அங்கே ராணுவத்தாருக்குச் சீருடை தைக்கும் படை உடைத் தொழிற்சாலை இருக்கிறது. அதில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா வீட்டிலேயே கனத்த மெஷின் வைத்துத் தார்ப்பாய், வேன் திரை எல்லாம் தைத்துக் கொடுக்கிறார். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். "துணி நல்லாத்தான் இருக்கு. நூல்தான் மக்கிப் போச்சு. யாரு புதுசு போடச் சொன்னது?" என்று சிரித்தார்.

அவரிடம் ஒரு மணி நேரத்தில் நான் கற்றது நிறைய. ரெக்சினுக்கும் கான்வாசுக்கும் சாதாரணப் பருத்தி நூல் ஆகாது, வெயிலிலும் ஈரத்திலும் மக்கிவிடும்; பாலியெஸ்டர் நூல்தான் போட வேண்டும். தையலை நெருக்கிப் போட்டால் பலம் என்று நினைக்கிறோம் அல்லவா? ரெக்சினில் அது தப்பு. ஊசித் துளைகள் நெருங்கினால் தபால் தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். தையல் சற்று நீளமாக, இரட்டை வரிசையாக இருக்க வேண்டும். விளிம்பை மடிக்கும்போது மடிப்பு கீழ்நோக்கி இருக்க வேண்டும், ஓட்டு வீட்டில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் ஏறி உட்காருவது போல. அப்போதுதான் தண்ணீர் வழிந்து ஓடும். பழைய நாடாவின் அளவைக் குறித்துக் கொண்டு புது நாடாவையும் தைத்துக் கொடுத்தார். மஞ்சள் பூத்துப் போயிருந்த பின்பக்க ஜன்னலுக்குப் புதுப் பிளாஸ்டிக் ஷீட்டும் வைத்தார்.

ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு ஏரிக் கரையோடு தெற்கே பூந்தமல்லிக்கு வந்தோம். கரையில் நடை பழகுகிறவர்களும், அம்மா இடுப்பில் வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுமாய் ஏரி கலகலவென்று இருந்தது. பூந்தமல்லியில் டிரங்க் ரோடு ஓரம் ஒரு குஷன் கடை. ஆட்டோ, வேன், டிராக்டர் எதற்கும் டாப் மாட்டுகிறவர்கள். அவர்கள் உடனே வேலையைத் தொடங்கவில்லை. துணியை முதலில் ஒரு மணி நேரம் வெயிலில் விரித்துப் போட்டார்கள். சூட்டில் ரெக்சின் இளகும். அப்போது இழுத்து மாட்டினால்தான் சுருக்கமில்லாமல் நிற்குமாம். பிறகு நாடாவைக் கட்டி, குழாய்களைச் சம தூரத்தில் நிறுத்தி, துணியை மாட்டி, கதவோரத்தில் புது பீடிங் ரப்பர் அழுத்தினார்கள். கடைசியில் கொழுந்தனாரை உள்ளே உட்கார வைத்துவிட்டு மேலே இரண்டு பக்கெட் தண்ணீரைக் கொட்டினார்கள். அவர் சொட்டு நனையவில்லை! மொத்தச் செலவு, முதலில் சொன்ன தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மாமா தானே சீட்டில் இறங்கி உட்கார்ந்தார். திருக்கச்சி நம்பிகள் அவதரித்த அந்த ஊர்க் கோயில் வாசலில் அத்தை துளசி மாலை வாங்கும்வரை, வண்டியில் இருந்தபடியே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக் கொண்டிருந்தார். "எடைக்குப் போடலாம்" என்ற பேச்சு எங்கள் வீட்டில் அத்தோடு நின்றது.

கூரையை மடக்கும் யோசனை உலகில் யார் யாருக்கெல்லாம் வந்திருக்கிறது, தெரியுமா? பிரான்ஸில் ஜார்ஜ் போலன் என்று ஒரு பல் டாக்டர். இரும்புக் கூரையே முழுசாகப் பின்பக்கம் போய் மறைந்து கொள்ளும்படி அவர் யோசித்துக் கொடுக்க, 1934-ல் பெஜோ கம்பெனி அப்படி ஒரு கார் செய்தது. வாய் திறந்து மூடுவதைத் தினமும் பார்த்தவர் அல்லவா! 1939-ல் அமெரிக்காவின் பிளிமத் கார் கையால் தொடாமலே கூரை மடங்கும் வசதியோடு வந்தது. இப்போதைய விலையுயர்ந்த கார்களில் பட்டனைத் தட்டினால் போதும். ஆனால் மோட்டார் வைத்தாலும் வைக்காவிட்டாலும், கீலும் துணியும் கேட்கிற கவனிப்பு ஒன்றுதான். நான் கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன்:

ஈரத்தோடு ஒருநாளும் மடக்கக் கூடாது. மழையில் போய் வந்தால் கூரையை விரித்தபடியே நிழலில் காற்றாட உலர விட வேண்டும். பூஞ்சை பிடித்த கூரைக்கு அடியில் மூச்சிரைப்பு உள்ள குழந்தையை உட்கார வைப்பது நல்லதல்ல.

கழுவ வெறும் தண்ணீரும் கொஞ்சம் மென்மையான சோப்பும் போதும். பிளீச்சிங் பவுடர், மண்ணெண்ணெய், பெட்ரோல் கூடவே கூடாது. பிளாஸ்டிக் ஜன்னலை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைப் போக்கிய பிறகு, நனைத்த மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள்.

மடக்கும்போது ஜன்னல் மடிந்துவிடாமல் பழைய வேட்டித் துணி ஒன்றை இடையில் வையுங்கள், பட்டுப் புடவைக்கு நடுவே வைப்பது போல. கீல் ஒவ்வொன்றுக்கும் மாதம் ஒருமுறை ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். ஒரு சொட்டுதான்! அதிகமானால் இந்தச் சாலைத் தூசி அதில் ஒட்டி அரைத்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், குழந்தைகளின் விரல். மடங்கும் சட்டம் கத்திரிக்கோல் மாதிரிதான். எங்கள் ஆறு வயசுப் பெண் அருகில் இருந்தால், இரண்டு கையையும் தலைமேல் தூக்கி "தூக்கியாச்சு!" என்று கத்திய பிறகுதான் கொக்கியை அவிழ்ப்போம். அவளுக்கு அது விளையாட்டு, எனக்கு நிம்மதி. கூரை திறந்திருக்கும்போது பின்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார வேண்டும், எழுந்து நிற்கக் கூடாது என்பதும் சட்டம். தப்பித்தவறி விரல் நசுங்கினால் உடனே குளிர்ந்த தண்ணீரில் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். விரல் கோணினாலோ, மடக்க முடியாவிட்டாலோ, நகம் கறுத்து வலி தாங்காவிட்டாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு கார் இல்லாமல் இருக்கலாம். ஆனால் குழந்தையைத் தள்ளிப் போகும் வண்டிக்கு மடக்கு மூடி இருக்கிறது. பால்கனியில் வெயில் மறைப்பு இருக்கிறது. வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டினால் அதன் டாப் இருக்கிறது. அதே கீல், அதே தையல், அதே ஈரம்தான். யாராவது "மொத்தமா புதுசு போடணும்" என்று சொன்னால், உடனே பர்ஸைத் திறக்காதீர்கள். துணியை உரித்து உள்ளே இருக்கும் நாடாவை ஒருமுறை உங்கள் கையாலேயே இழுத்துப் பாருங்கள்.