சமதரையில் ஆறுதலாக

மலை ஏறாத சைக்கிளோட்டத்துக்குப் பழக்கம் எதுவும் வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சுவிற்சர்லாந்தில் இந்த நினைப்பு இன்னும் கூடுதல். இங்கே சைக்கிள் என்றாலே கணவாய்களைப் பற்றித்தான் பேச்சு. நான் சமதரை ஓட்டக்காரன். போடன்சே ஏரிக்கரையில் ஆண்டாண்டாக ஓட்டி வருகிறேன். சமதரையில் நாள் முழுக்க ஆறுதலாக ஓட்டுவது தனி வித்தை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மலைப்பாதை நம் உடம்பைத் தானாகவே மாற்றி மாற்றி வைக்கும். ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிப்போம். இறக்கத்தில் கால் ஓயும், கை பிரேக்குக்குப் போகும், முதுகு நிமிரும். சமதரை இப்படி எதையும் செய்து தராது. காலையில் எப்படி உட்கார்ந்தோமோ அதே இருப்பில் மத்தியானம் வரை வைத்திருக்கும். இரண்டு மணி நேரம் போனதும் சுண்டுவிரலும் மோதிர விரலும் மரக்கத் தொடங்கும். உள்ளங்கையின் வெளியோரமாகப் போகும் நரம்பு கைப்பிடியில் நசிவதால் வருவது அது. பிறகு கழுத்து, பிறகு இடுப்பு. சீற்றைக் குறை சொல்லிக்கொண்டு புதுச் சீற் வாங்கப் போவார்கள். பெரும்பாலும் குறை சீற்றில் இல்லை, அசையாத இருப்பில்தான்.

ஆகவே மலை செய்யும் வேலையை நாமே செய்ய வேண்டும். களைப்பு தெரியும் முன்பே, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று இருபது மிதி மிதிக்க வேண்டும். கைப்பிடியில் கையின் இடத்தை மாற்ற வேண்டும். ஒரு கையை எடுத்து உதறிவிட்டு மற்றதை உதற வேண்டும். விரல்கள் கைப்பிடியின் மேல் கிடந்தால் போதும், இறுக்கிப் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. முழங்கை சற்று மடிந்திருக்கட்டும். பார்க்கச் சின்ன விஷயம், மாலையில் அதன் பலன் தெரியும்.

கியர் விஷயத்திலும் சமதரை ஆளை ஏமாற்றும். பாதை நேராகக் கிடக்கிறதே என்று பாரமான கியரைப் போட்டு, ஒவ்வொரு மிதியையும் அழுத்தி அழுத்திப் போகத் தோன்றும். முதல் 20 கிலோமீட்டருக்கு அது வீரமாகத்தான் இருக்கும். அதன் பிறகு முழங்கால் கணக்குக் கேட்கும். கால் இலேசாகச் சுற்ற வேண்டும். நிமிடத்துக்கு 70 முதல் 80 சுற்று நல்ல அளவு. கருவி தேவையில்லை. வலது முழங்கால் மேலே வருவதை 15 விநாடிக்கு எண்ணிப் பாருங்கள், 18 முதல் 20 வந்தால் சரி. அதற்குக் கீழே இறங்கினால் கியரைக் குறையுங்கள். வேகத்தைப் பார்க்க வேண்டாம்.

சீற் உயரத்தைப் பார்க்க, மிதி அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வையுங்கள். முழங்கால் அப்போது நேராக நிற்க வேண்டும். ரயர் 40 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குறையாமல் இருப்பது நல்லது. காற்றைக் கல்லாக அடைக்க வேண்டாம். ஏரிக்கரைப் பாதையில் பெரும்பகுதி தார், இடையிடையே இறுக்கிய பொடிக்கல்.

இனி ஏரிக்கு வருவோம். ஜெர்மனி, ஒஸ்ரியா, சுவிற்சர்லாந்து மூன்றும் போடன்சேயின் கரையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நீர்ப்பரப்பு 536 சதுர கிலோமீட்டர். முழுச் சுற்றுப் பாதை சுமார் 260 கிலோமீட்டர். அதை மூன்று நாளில் முடித்தோம், நான்கு நாளில் முடித்தோம் என்று சொல்பவர்களை ஒவ்வொரு கோடையிலும் சந்திக்கிறேன். முடிப்பதில் எனக்கு ஆசை இல்லை. மேற்குப் பக்கத்தில் ஏற்றங்களும் உண்டு. கிழக்குப் பாதிதான் ஆறுதல் ஓட்டத்துக்கென்றே அமைந்தது. அதை ஓட்டும் முறையைச் சொல்கிறேன்.

சுவிஸ் கரையில் உள்ள ரோமன்ஸ்ஹோர்னிலிருந்து கார் ஏற்றும் படகில் எதிர்க்கரை பிரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்குப் போங்கள். முக்கால் மணி நேரப் பயணம். 1900 ஜூலை 2ஆம் திகதி முதல் செப்பெலின் ஆகாயக் கப்பல் எழும்பியது அந்த ஊரின் ஏரிக்கரையில்தான். அங்கிருந்து லிண்டாவ், பிரெகன்ஸ், ரோர்ஷாக், ஆர்போன் வழியாக மறுபடி ரோமன்ஸ்ஹோர்ன். ஏறக்குறைய 80 கிலோமீட்டர். இரண்டு நாள் எடுங்கள். லிண்டாவிலோ பிரெகன்ஸிலோ இரவு தங்குங்கள்.

இந்தத் திசைக்குக் காரணம் உண்டு. வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நாடுகள் இவை. ஏரியைக் கடிகார முள் போகும் திசையில் சுற்றினால் தண்ணீர் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும். கரையில் இறங்கி நிற்க நினைத்தால் எதிரே வருபவர்களைக் குறுக்கறுக்க வேண்டியதில்லை. இன்னொரு காரணம் காற்று. இங்கே மேல்காற்றுத்தான் அதிகம். முதல் நாள் அது முதுகில் தள்ளும், இரண்டாம் நாள் முகத்தில் அடிக்கும். களைத்த நாளில் எதிர்க்காற்றா என்று கேட்பீர்கள். ரோர்ஷாக்கிலிருந்து ரோமன்ஸ்ஹோர்ன் வரை ரயில் பாதையும் ஏரியோரமாகவே வருகிறது. முடியாவிட்டால் அடுத்த நிலையத்தில் சைக்கிளோடு ஏறிவிடலாம். திரும்பிப் போக வழி இருக்கிற பக்கத்தைக் களைப்புக்கு ஒதுக்கி வைப்பதுதான் திட்டம்.

சமதரைக்காரனுக்கு மலை காற்றுத்தான். நாம் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதே வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், உடம்பில் மோதும் காற்றின் வேகம் 30. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். அதை எதிர்த்து வேகத்தைக் காப்பாற்ற நினைப்பது வீண். கியரைக் குறையுங்கள், கால் சுற்று மாறாமல் இருக்கட்டும், வண்டி 10இல் போனால் 10இல் போகட்டும். யாழ்ப்பாணத்தில் பண்ணைத் தாம்போதியில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காற்றை முன்கூட்டியே அறியவும் வழி இருக்கிறது. ஏரியைச் சுற்றிக் கரையில் செம்மஞ்சள் எச்சரிக்கை விளக்குகள் நிற்கின்றன. படகுக்காரர்களுக்காக வைத்தவை, ஆனால் நான் கண்ணை அவற்றில்தான் வைத்திருப்பேன். நிமிடத்துக்கு 40 முறை சிமிட்டினால் பலத்த காற்று வரலாம்; 90 முறை என்றால் புயற்காற்று. வேகமான சிமிட்டலைக் கண்டால் மரங்களின் கீழ் நிற்காமல் ஊருக்குள் போய்விட வேண்டும். தென்திசை மலைகள் வழக்கத்துக்கு மாறாகக் கிட்ட வந்து நிற்பதுபோலத் தெரிந்தால் அது ஃபோன் காற்றின் அறிகுறி. அல்ப்ஸைத் தாண்டி ரைன் பள்ளத்தாக்கு வழியே இறங்கும் வெப்பமான, உலர்ந்த காற்று அது. பிரெகன்ஸுக்கு மேற்கே திறந்த வயல்வெளியில் இடப்பக்கத்திலிருந்து அடிக்கும். பாதையின் நடுவில் ஓட்டுங்கள், ஓரம் வேண்டாம்.

அந்த வயல்வெளிதான் ரைன் கழிமுகம். இந்த 80 கிலோமீட்டரில் எனக்கு மிகப் பிடித்த இடம். ஹார்ட் ஊரைத் தாண்டி ஆற்றுப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திக் கீழே பாருங்கள். மலைப்பனி உருகும் ஜூன் மாதத்தில் ரைன் சாம்பல் பூத்த தண்ணீராக வரும், கையை வைத்தால் குளிர் எலும்பில் ஏறும். ஆறு கொண்டுவரும் வண்டல் பிரெகன்ஸ் குடாவைத் தூர்த்துவிடாமலிருக்க, இரு பக்கக் கரைகளையும் ஏரிக்குள்ளேயே நீட்டிக் கட்டியிருக்கிறார்கள். மேற்கே நாணற்காடு. முக்குளிப்பான் ஒன்று தலையை ஆட்டிவிட்டு மூழ்கும். எங்கே எழும்புமென்று பார்த்து நிற்பேன், நினைத்த இடத்தில் ஒருநாளும் எழும்பியதில்லை. 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு இது கிடைக்காது. முதல் நாள் பாதையில் எரிஸ்கிர்ஷ் சதுப்பு நிலமும் அப்படித்தான். மே கடைசியில் அங்கே நீல ஐரிஸ் பூக்கள் புல்வெளி முழுக்க நிற்கும்.

நின்று நின்று போனால் ஏரியின் நோவும் கண்ணில் படும். கரைக் கற்களைப் புரட்டிப் பாருங்கள், விரல்நகத்தளவு வரிச்சிப்பிகள் அடைஅடையாக ஒட்டியிருக்கும். குவாகா என்று பெயர். 2016இல் முதன்முதலாக இங்கே கண்டார்கள். மீனின் இரையை அவை வடித்துத் தின்கின்றன. இந்த ஏரிக்குப் பேர் வாங்கித் தந்த ஃபெல்ஹென் மீனைப் பிடிப்பதற்கு 2024 தொடக்கத்தில் மூன்று ஆண்டுத் தடை போட்டார்கள். ஏரிக்கரை உணவகத்தில் அந்த மீன் தட்டில் வந்தால் எந்த ஏரியில் பிடித்தது என்று கேளுங்கள்.

பாதையில் நடப்பவர்களும் குழந்தைகளும் உண்டு. மணியை இருபது மீற்றர் தள்ளியே அடியுங்கள், முதுகுக்குப் பின்னால் வந்து அடித்தால் பதறிப் பாதைக்குக் குறுக்கே பாய்வார்கள். கடக்கும்போது ஒரு நன்றி சொல்லுங்கள்.

எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்து, ஹோட்டல் சமையலறைகளில் நின்ற நிலையிலேயே உழைத்து முழங்காலைத் தேய்த்த எங்கள் அண்ணன்மார், அக்காமார் பலர் இப்போது ஓய்வில் இருக்கிறார்கள். டொக்டர் நடக்கச் சொல்கிறார், நடந்தால் கால் நோகிறது என்கிறார்கள். சைக்கிளில் உடம்பின் பாரம் சீற்றில் இறங்கிவிடுவதால் முழங்காலுக்குச் சுமை குறைவு. டொக்டரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு வாருங்கள். மின்சைக்கிள் எடுப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அதன் உதவியைக் குறைந்த அளவில் வைத்தால் மிதிப்பது நீங்கள்தான். பிள்ளைகள் காரில் கூட்டிவந்து காட்டிய ஏரி இதுவல்ல என்று உங்களுக்கே தெரியவரும்.

மே மாதமோ செப்ரெம்பரோ நல்லது. ஓகஸ்டில் கூட்டம் அதிகம். ரயிலில் சைக்கிளுக்குத் தனி ரிக்கெற் எடுக்க வேண்டும். மூன்று நாட்டு எல்லை என்பதால் வதிவிட அட்டை பையில் இருக்கட்டும். ரோமன்ஸ்ஹோர்ன் நிலையத்தில் இறங்கினால் படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது.