தறியின் மறுபுறம் இருப்பவர்

காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது என்பதை இவ்வூரில் வாழும் நாம் அறிவோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் பிரியாது இணைக்க மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் தனித்துச் செய்ய இயலாது; தறியோரத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கத் துணையாள் வேண்டும். சேலையை உடுத்துவோர் அத்துணையாளின் பெயரை அறிவதில்லை.

தொலைக்காட்சியும் இத்தகைய தறியே. திரையில் முகம் காட்டுவோரை அறிவோம். ஒலியைச் சீராக்குபவரை, கருவியை உருவாக்கியவரை அறியோம். ஆயினும் அமெரிக்காவில் 1949 சனவரி 25 அன்று எம்மி விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்டபோதே, தொழில்நுட்பத்துக்கென ஒரு விருது சார்லஸ் மெசாக் என்பவருக்கு அளிக்கப்பட்டது. 'எம்மி' என்னும் பெயரும் நடிகையின் பெயரன்று; 'இம்மி' எனச் செல்லமாக அழைக்கப்பட்ட காமிராக் குழாயிலிருந்து பிறந்தது. சிலையை வடிவமைத்த லூயி மெக்மானஸ் ஒரு பொறியாளர். அதற்கு முன்மாதிரியாக நின்றவர் அவர்தம் மனைவி. அதன் சிறகுகள் கலையையும், ஏந்திய அணு அறிவியலையும் குறிக்கின்றன.

திரைப்படத் துறையில் நம் தூத்துக்குடியைச் சேர்ந்த கொட்டலாங்கோ லியோன், 2016-ல் ஆஸ்கார் கழகத்தின் தொழில்நுட்பச் சாதனை விருதை இருவரோடு பகிர்ந்து பெற்றார். இயக்குநர்கள் காட்சிகளைக் கணிப்பொறியில் பார்த்து ஆராய உதவும் மென்பொருளுக்காக அது வழங்கப்பட்டது. அப்பெயர், துரின் நகரில் கைவிடப்பட்ட நோயாளரைப் பேணிய புனித கொத்தலெங்கோவை நமக்கு நினைவூட்டுகிறது.

நோயுற்றுக் கிடந்த அசிசி நகர்ப் புனித கிளாரா, கிறிஸ்து பிறப்பு இரவில் கோவில் வழிபாட்டைத் தம் படுக்கையிலிருந்தே கண்டார் என்பது மரபு. அதனாலேயே பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் 1958-ல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். 2020-ல் கொள்ளைநோயால் கோவில்கள் மூடப்பட்டபோது நாமும் இல்லத்திலிருந்தே திருப்பலி கண்டோம். குருவின் மறையுரையையும் பாடற்குழுவையும் பெரியோர் புகழ்ந்துகொண்டிருக்க, நம் வீட்டுச் சிறுமி கேட்டாள்: "படம் பிடிக்கிற மாமா நன்மை வாங்கினாரா?" எவரும் விடை கூறவில்லை. நாம் காணும்பொருட்டு ஒருவர் காமிராவின் பின்னே நின்றார் என்பது அன்றுதான் நம் இல்லத்தில் பேச்சாயிற்று.

நற்செயலை மறைவில் செய்யுமாறு ஆண்டவர் கற்பித்திருக்க, விருது எதற்கு எனச் சிலர் வினவலாம். மறைந்திருப்பது செய்பவரின் பண்பு. மறவாதிருப்பது பயன் பெற்றவரின் கடமை. பத்துக் குட்டரோகிகள் குணமடைந்தபோது, திரும்பி வராத ஒன்பது பேரைப் பற்றி ஆண்டவரே வினவினாரன்றோ?

நம் பங்கிலும் ஒலிபெருக்கியைச் சீர்செய்பவர், பீடத் துணி வெளுப்பவர், விடியலில் மணியடிக்கும் கோவில்பிள்ளை எனப் பலர் உளர். அடுத்த பங்குத் திருவிழாவில் நன்கொடையாளர் பட்டியலை வாசிக்குமுன், இவர்கள் பெயரை வாசிப்போமாக. கேடயமோ பொன்னாடையோ தேவையில்லை, பெயர் போதும்.