பதினோரு கதவுகள்

காலை எட்டரை மணிக்கு நாற்காலியில் அமர்ந்தால், நான் யார் என்பதைக் கணினிக்கு எடுத்துரைப்பதிலேயே முதல் அரைமணி நேரம் கழிந்த காலம் ஒன்று உண்டு. சிங்கப்பூரில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு நிறுவனத்தில் எழுத்தர் பணி எனக்கு. மின்னஞ்சலுக்கு ஒரு கடவுச்சொல், சரக்குப் பட்டியலுக்கு மற்றொன்று, விடுப்பு, சம்பளம், கிடங்குக் கணக்கு என்று பதினோரு கதவுகள், பதினோரு சாவிகள். தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினால், நீ யார் என்று மறுபடியும் வினவும். பெற்ற தாய்கூட ஒரு நாளில் அத்தனை முறை என்னைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

தொண்ணூறு நாளுக்கு ஒரு முறை அத்தனையையும் மாற்ற வேண்டும் என்பது விதி. இத்தகைய விதிகள் பரவுவதற்குத் துணைநின்ற வழிகாட்டி ஒன்றை 2003-இல் அமெரிக்கத் தர நிர்ணயக் கழகத்துக்காக எழுதியவர் பில் பர். 2017-இல், தாம் செய்தவற்றுள் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே கூறினார். அதே ஆண்டில் அக்கழகமும் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லும் வழக்கத்தைக் கைவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதன் கடைசி எழுத்தை மட்டும் மாற்றுவான், இல்லையேல் எழுதிவைப்பான்.

எங்கள் பிரிவின் மூத்த எழுத்தர் எழுதிவைத்தார். அனைவரும் அவரை அக்கா என்றே அழைப்போம். முப்பது ஆண்டுப் பணியில் ஒரு நாளும் கணக்குப் பிசகாதவர். சிவப்பு அட்டை போட்ட அவருடைய சிறு குறிப்பேடு மேசை இழுப்பறையில் இருக்கும். எவரோ அதைப் பார்த்து, அவர் பெயரில் நுழைந்து, கிடங்குக் கணக்கைத் திருத்திவிட்டார். யாரென்று இன்றுவரை தெரியவில்லை. கணினியைப் பொறுத்தவரை திருத்தியவர் அக்காதான். எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

அன்று என் விசைப்பலகையின் அடியிலும் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. நான் வாய் திறக்கவில்லை. மாலையில் அதைக் கிழித்தெறிந்துவிட்டு வீடு சென்றேன். மறு ஆண்டே அக்கா ஓய்வு பெற்றார்.

அதன்பின் ஆறே மாதத்தில் ஒற்றை உள்நுழைவு வந்து சேர்ந்தது. கருத்து புதிதன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983-இல் தொடங்கிய 'அத்தீனா' திட்டத்திலேயே 'கெர்பரோஸ்' என்னும் முறையை உருவாக்கினர். கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாயிலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. கேளிக்கைத் திடலின் நுழைவாயிலில் ஒரு முறை கட்டணம் செலுத்தினால் கையில் சாப்பு குத்துவார்கள் அல்லவா? பிறகு எந்தக் கூடாரத்திலும் கையை நீட்டினால் போதும். அதுபோல, காலையில் ஒரு முறை நம்மை மெய்ப்பித்துக்கொண்டால், குறித்த நேரம்வரை செல்லுபடியாகும் ஒரு சீட்டு கிடைக்கிறது. மற்றக் கதவுகளில் காட்டப்படுவது அச்சீட்டே, கடவுச்சொல் அன்று.

ஆயினும் முதல் வாரத்தில் கேள்விகள் குறையவில்லை. ஒவ்வொரு செயலியும் தனக்கென ஒரு நேரக்கெடு வைத்திருந்ததே காரணம். ஒன்று பதினைந்து நிமிடத்தில் நம்மை மறந்தது. மற்றொன்று ஒரு மணியில். தொழில்நுட்பப் பிரிவு இளைஞர் பொறுமையாக அவற்றை ஒருமுகப்படுத்தினார். சம்பளப் பக்கத்துக்கு மட்டும், கைப்பேசி வழியே இரண்டாவது சரிபார்ப்பை விட்டுவைத்தார். "ஒரே சாவி தொலைந்தால் எல்லாக் கதவும் திறந்துகொள்ளுமே, அண்ணே" என்றார். நியாயமான அச்சம். ஒரு நாள் அந்த மைய வாயிலே பழுதாகி, முற்பகல் முழுவதும் நாங்கள் தேநீர் அருந்திக்கொண்டிருந்ததையும் மறைப்பதற்கில்லை.

சென்ற மாதம் தேக்கா சந்தையில் அக்காவைக் கண்டேன். மீன் வாங்கிக்கொண்டிருந்தார். இப்பொழுது ஒரே கடவுச்சொல்தான், குறிப்பேடே வேண்டியதில்லை என்று உற்சாகமாகக் கூறினேன்.

"நல்லதுதான் தம்பி" என்றார். மீன்காரரிடம் மீதிச் சில்லறையை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்படியென்றால், அந்தக் கடிதத்தை என் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்களா?"

துண்டுச்சீட்டைப் பற்றி அன்றும் நான் சொல்லவில்லை.