மூக்குத்தியும் உப்புத் தண்ணீரும்

மூக்கு குத்தப் போகிற பெண்ணிடம் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். "வலிக்குமா?"

வலிக்கும். ஒரு நொடி. கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரும் வாரங்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் மூக்கும் காதும் கெட்டுப்போவது பெரும்பாலும் அந்த வாரங்களில்தான்.

கேட்காததற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் காதுகுத்து பெரும்பாலும் குழந்தையிலேயே நடந்துவிடுகிறது. தாய்மாமன் மடி, ஆசாரி, பாயசம், வீல் என்று ஓர் அழுகை. அந்தப் புண்ணைப் பார்த்துப் பார்த்து ஆற்றியது அம்மாவும் பாட்டியும். குத்திக்கொண்ட ஆளுக்கு அது நினைவிலேயே இல்லை. பத்தொன்பது வயதில், விடுதியில் இருந்துகொண்டு, மூக்கிலோ காதின் மேல்பக்கத்திலோ குத்திக்கொள்ளும்போதுதான் ஒரு புண்ணைத் தானே பராமரிக்கும் வேலை முதன்முதலாக வந்து சேர்கிறது. அந்த வேலையை யாரும் சொல்லிக் கொடுத்திருப்பதில்லை.

மதுரையில் இரண்டாம் ஆண்டு படிக்கும் நெல்லைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு நடந்தது இதற்கு நல்ல உதாரணம். சேமித்து வைத்த பணத்தில் சின்னதாக ஒரு கல் மூக்குத்தி. வலப்பக்கம் குத்திக்கொண்டாள். அன்று சாயங்காலமே யோசனைகள் வரத் தொடங்கின.

ஊரிலிருந்து ஆச்சி போனில் சொன்னாள். "ஏட்டி, தேங்காண்ணெய்ல மஞ்சளக் கொழச்சு வையி. தெனமும் திருகி விட்டுக்கிட்டே இரு, இல்லன்னா ஒட்டிக்கிடும்."

"சரி ஆச்சி."

அறைத்தோழி ஸ்பிரிட் பாட்டிலை நீட்டினாள். பக்கத்து அறை அக்கா ஏதோ ஒரு ஆயின்மென்ட்டைக் கொண்டுவந்து தந்தாள். எல்லாம் அன்பில் சொன்னதுதான். அவளும் யார் மனதையும் நோகடிக்காமல் எல்லாவற்றையும் செய்தாள். காலையில் மஞ்சள், மத்தியானம் ஸ்பிரிட், ராத்திரி ஆயின்மென்ட், நடுவில் நேரம் கிடைத்தபோதெல்லாம் திருகல்.

ஐந்தாவது வாரம் மூக்குத்தியை ஒட்டிச் சிவப்பாக ஒரு சிறு மேடு. நெட்டில் தேடினாள். "கீலாய்டு" என்ற வார்த்தை வந்தது. கூடவே படங்களும். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

இந்த இடத்தில் அவள் மூக்குக்குள் நடந்துகொண்டிருந்தது என்ன என்று பார்ப்பது நல்லது.

குத்திய துளை என்பது இரண்டு பக்கமும் திறந்த ஒரு சின்னச் சுரங்கம். அதன் உள்சுவர் முழுக்கப் பச்சைப் புண். இரண்டு வாயிலிருந்தும் புதுத் தோல் மெல்ல மெல்ல உள்நோக்கி வளர்ந்து, நடுவில் ஒன்றோடொன்று சேர வேண்டும். சேர்ந்தால் கம்பியைச் சுற்றித் தோலாலேயே ஒரு குழாய் உண்டாகிவிடும். அதுதான் ஆறிய துளை. வாய்ப்பக்கம் முதலில் ஆறும், நடுப்பக்கம் கடைசியில் ஆறும். அதனால்தான் வெளியே பார்க்க எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும்போதும் உள்ளே பச்சையாகவே இருக்கும். காதின் கீழ்ச் சதைக்கு 6 முதல் 8 வாரம் ஆகும். மூக்கின் பக்கத்துக்கு 2 முதல் 4 மாதம், சிலருக்கு அதற்கும் மேல். காதின் மேல்பக்கக் குருத்தெலும்புக்கு ஆறு மாதம், ஒரு வருடம் கூட ஆகும். தொப்புளுக்கும் அப்படித்தான்.

இப்போது அந்தத் திருகலை யோசித்துப் பார்த்தால் விஷயம் புரியும். கம்பியைச் சுற்றி வெள்ளையும் மஞ்சளுமாகக் காய்ந்திருப்பது, புண்ணிலிருந்து கசிகிற நிணநீர் உலர்ந்த பொருக்கு. அது சீழ் இல்லை. உலோகத்தோடு தோல் ஒட்டுவதில்லை, ஒட்டுவது இந்தப் பொருக்குதான். அதோடு சேர்த்துக் கம்பியைத் திருகினால் பொருக்கு உள்ளே போய்ப் புதுத்தோலைக் கிழிக்கும். தினம் ஒரு தடவை கிழித்தால் தினமும் முதல் நாள்தான்.

ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை கிருமியைக் கொல்லும், உண்மைதான். புதிதாக வளர்கிற செல்லையும் சேர்த்தே பதம் பார்க்கும். எண்ணெயும் ஆயின்மென்ட்டும் துளையை மூடி, தூசியையும் அழுக்கையும் அங்கேயே பிடித்து வைக்கும். சமையலறை மஞ்சள்தூள் கிருமி நீக்கிய பொருள் அல்ல. சாம்பாருக்குப் போதும், திறந்த புண்ணுக்குப் போதாது.

தோல் மருத்துவர் அவள் மூக்கைப் பார்த்துவிட்டு, இது கீலாய்டு இல்லை, தொந்தரவு தாங்காமல் புண் வீங்கியிருக்கிறது என்றார். பூசுவதையெல்லாம் நிறுத்தச் சொன்னார். இறுக்கமாக இருந்த திருகாணியைத் தளர்த்திவிட்டார். மருந்தாக எழுதிக் கொடுத்தது நார்மல் சலைன். அதாவது உப்புத் தண்ணீர்! 100 மில்லிக்கு 0.9 கிராம் உப்பு, கையில் ஏற்றுகிற சலைனும் அதே கணக்குதான். ரத்தத்தில் இருக்கும் உப்பின் அளவோடு ஏறக்குறைய ஒத்துப்போவதால் புண் எரிவதில்லை.

செய்முறை மிகச் சுலபம். முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். (எல்லாரும் விட்டுவிடுகிற படி இதுதான்.) சுத்தமான காஸ் துணியைச் சலைனில் நனைத்து, துளையின் மேல் இரண்டு மூன்று நிமிடம் வைத்திருந்தால் பொருக்கு ஊறித் தானாகவே வரும். வராததைப் பிய்க்கக் கூடாது. பஞ்சு வேண்டாம், நார் கம்பியில் சிக்கிக்கொள்ளும். பிறகு டிஷ்யூ பேப்பரால் ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. சலைனைக் கடையில் சின்னப் பாக்கெட்டாக வாங்குவது உத்தமம். பெரிய பாட்டிலைத் திறந்து வாரக்கணக்கில் வைத்தால் அதிலேயே கிருமி சேரும். வீட்டில் கலக்கினால் கை தாராளமாகிவிடும். உப்பு கூடினால் புண் வறண்டு வெடிக்கும்.

மீதியெல்லாம் செய்யக் கூடாதவைதான். குத்திய பக்கம் படுக்கக் கூடாது. தலை துவட்டும் துண்டும் துப்பட்டாவும் மாட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முகப்பவுடரும் க்ரீமும் அந்தப் பக்கம் போகக் கூடாது. கிணறு, குளம், நீச்சல்குளம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். ஆச்சி சொன்னதிலும் ஒன்று நூற்றுக்கு நூறு சரி. "சும்மா சும்மா கைய வைக்காத" என்றும் அவள் சொல்லியிருந்தாள். (திருகச் சொன்ன அதே ஆச்சிதான்!)

ஒரு மாதத்தில் மேடு அமுங்கிவிட்டது.

ஆனால் எல்லா மேடும் இப்படி அமுங்குவதில்லை. வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். புண்ணின் எல்லைக்குள்ளேயே நிற்கிற மேடு பெரும்பாலும் தொந்தரவை நிறுத்தினால் குறையும். கீலாய்டு மாதங்கள் கழித்து வரும், துளையின் எல்லையைத் தாண்டி வளரும், தானாகப் போகாது. வெறுமனே வெட்டி எடுத்தால் திரும்பவும் வரக்கூடியது. அதனால் ஸ்டீராய்டு ஊசி போன்ற சிகிச்சைகள் உண்டு. வெளிர் நிறத் தோலைவிடக் கறுத்த தோலில் இது அதிகம், குடும்ப வழியாகவும் வரும். அம்மாவுக்கோ சித்திக்கோ அப்படித் தழும்பு இருக்கிறதா என்று குத்துவதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

காதின் மேல்பக்கம் குத்துகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. மேலே போர்த்தியிருக்கும் சவ்விலிருந்துதான் அதற்குச் சத்து போகிறது. கிருமி உள்ளே போய்விட்டால் உடம்பால் எளிதில் சண்டை போட முடியாது. 2000-ம் ஆண்டில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஒரு சிறு கடையில் காது மேல்பக்கம் குத்திக்கொண்ட 7 பேருக்கு சூடோமோனாஸ் என்ற கிருமித் தொற்று உறுதியானது. எல்லாரும் 10 முதல் 19 வயதுக்காரர்கள். 4 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். சிலருக்குக் காதின் வடிவமே மாறிப்போனது. விசாரித்தபோது, அந்தக் கடையில் வைத்திருந்த கிருமிநாசினி பாட்டிலிலேயே அந்தக் கிருமி இருந்தது தெரிந்தது!

ஆகவே சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. சிவப்பு நாளுக்கு நாள் பரவுவது, தொட்டால் சுடுவது, விண்விண்ணென்று வலி, பச்சையாகவோ நாற்றத்துடனோ சீழ், காய்ச்சல். இதில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பயத்தில் கம்பியை உருவிப் போடவும் கூடாது. வாய் மூடிக்கொண்டால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். எடுப்பதா வைப்பதா என்று மருத்துவர் சொல்லட்டும்.

உலோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறாமல் அரித்துக்கொண்டே இருந்தால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம். மலிவான கவரிங்கில் நிக்கல் கலப்பது சகஜம். புதுத் துளைக்கு டைட்டானியமோ நல்ல தங்கமோ போடுவது பாதுகாப்பு. ஒவ்வொருவருக்கும் புது ஊசி என்பதில் சமரசமே கூடாது. இரணஜன்னித் தடுப்பூசி 10 வயதிலும் 16 வயதிலும் போட்டாயிற்றா என்பதையும் வீட்டில் கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், மாணவர்களுக்கு மட்டும். நீட் மாதிரித் தேர்வுகளுக்குத் தோடு, மூக்குத்தியோடு உள்ளே விடமாட்டார்கள். ஆறாத துளையில் கம்பியைக் கழற்றினால் சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கிவிடும். திரும்பப் போடுவது குத்துவதைவிட அதிகம் வலிக்கும். மூக்கு குத்த நல்ல நாள் பார்க்கிறவர்கள், பஞ்சாங்கத்தோடு தேர்வு அட்டவணையையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.