யார் மலை அது?

இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும் நம் மாணவர்கள் விடுமுறை கிடைத்ததும் லண்டனுக்குத்தான் ஓடுகிறார்கள். பரிமாற்ற மாணவியாக ஷெஃபீல்டில் ஒரு பருவம் படித்த எனக்கு, ரயிலேறிய சிறிது நேரத்திலேயே பீக் டிஸ்ட்ரிக்ட் மலைகள் கிடைத்தன. ஷெஃபீல்டுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவில், 1,437 சதுர கிலோமீட்டரில் பரந்து கிடக்கும் இவ்வட்டாரம் 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவானது.

அங்கே என்னதான் செய்வது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். காசல்டனில் குகைக்குள் இறங்கி, ஊதாவும் மஞ்சளும் வரிவரியாக ஓடும் 'புளூ ஜான்' கல்லைப் பார்க்கலாம். பேக்வெல்லில் அவ்வூர்ப் பெயரையே தாங்கிய புட்டிங்கைச் சுடச்சுடச் சாப்பிடலாம். ஈம் கிராமத்துக்குப் போய், 1666-இல் கொள்ளைநோய் பக்கத்து ஊர்களுக்குப் பரவக்கூடாது என்று தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்ட மக்களின் எல்லைக் கல்லைத் தொட்டுப் பார்க்கலாம். சாட்ஸ்வொர்த்தில் டெவன்ஷைர் பிரபு குடும்பத்தின் மாளிகையைச் சுற்றி வரலாம்.

ஆனால் நான் முதலில் சொல்வது நடையைத்தான். ஈடேல் நிலையத்தில் இறங்கி, 'ஜேக்கப்ஸ் லேடர்' என்னும் செங்குத்தான கற்பாதை வழியாகக் கிண்டர் ஸ்கவுட் மலைக்கு ஏறலாம். உயரம் 636 மீட்டர்தான். நம் கேமரன் மலைக்கு முன்னால் இது குழந்தை. என்றாலும் அலட்சியம் வேண்டாம். மேலே ஒதுங்க மரமில்லை. கால் புதையும் கறுப்புச் சதுப்பு மண். நல்ல வெயிலிலும் திடீரென மூடுபனி இறங்கும். மழையங்கி, வரைபடம், உறுதியான காலணி மூன்றும் அவசியம். 'கிண்டர் டவுன்ஃபால்' அருவியில் எதிர்க்காற்று பலமாக அடித்தால், விழும் தண்ணீர் மேல்நோக்கிச் சிதறும். அதைக் காணவே ஒருமுறை போகலாம்.

நான் போய்வந்த இரவு பாட்டிக்கு அழைத்து, மலையேறிய கதையைச் சொன்னேன். பாட்டி கேட்ட முதல் கேள்வி:

“யார் தோட்டம்மா அது? உள்ள விட்டாங்களா?”

கிள்ளான் வட்டாரத் தோட்டத்தில் பிறந்தவர் பாட்டி. அவருடைய அப்பா பால்மரம் வெட்டியவர். எதிரே துரை வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அந்நாளைய வழக்கம். 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பள உயர்வோடு சேர்த்து, சைக்கிளைவிட்டு இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கோரினார்கள். அரசு படையை அனுப்பி அதை அடக்கியது. தலைவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

பாட்டியின் கேள்விக்குக் கிண்டர் மலையிலேயே பதில் இருந்தது. அம்மலை ஒரு காலத்தில் டெவன்ஷைர் பிரபுவுடையது. குரௌஸ் என்னும் பறவையை வேட்டையாடுவதற்காகவே அம்மேட்டு நிலங்கள் மூடி வைக்கப்பட்டிருந்தன. வாரமெல்லாம் ஆலைப் புகையில் உழைத்த மான்செஸ்டர், ஷெஃபீல்டு தொழிலாளர்கள் ஞாயிற்றுக்கிழமையில் ஏறினால் காவலாளிகள் விரட்டுவார்கள். 1932 ஏப்ரல் 24, ஞாயிறு. பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞரின் முன்னணியில் சில நூறு பேர் ஹேஃபீல்டிலிருந்து தடையை மீறி ஏறினார்கள். காவலாளிகளோடு கைகலப்பு ஏற்பட்டது. ஐந்து இளைஞர்களுக்கு இரண்டு முதல் ஆறு மாதம்வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம்.

இதைச் சொன்னதும் பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ அவங்க ஆளுங்களையே துரை வெரட்டியிருக்கானா?” என்றார். எங்கள் வீட்டுக் கதைகளில் வெள்ளைக்காரர் என்றால் துரை ஒருவர்தான். துரையின் நாட்டில் துரைக்குப் பயந்த தொழிலாளியும், பயத்தை விட்டவனும் இருந்தார்கள் என்பது பாட்டிக்கும் எனக்கும் சேர்ந்தே கிடைத்த செய்தி.

1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1965-இல் ஈடேலிலிருந்து ஸ்காட்லாந்து எல்லைவரை சுமார் 430 கிலோமீட்டர் நீளும் 'பென்னைன் வே' நடைபாதை திறக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த மேட்டு நிலங்களில் நடக்கும் உரிமையை எல்லாருக்கும் தந்தது. 2002-இல், எழுபதாம் ஆண்டு நினைவு நிகழ்வில், அன்றைய டெவன்ஷைர் பிரபு தம் பாட்டனார் காலத்தில் நடந்ததற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

சைக்கிளிலிருந்து இறங்கி நின்றவர்களிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள் என்று பாட்டி கேட்கவில்லை. நான்தான் கேட்டுக்கொண்டேன். நண்பர்களே, உங்கள் வீட்டிலும் இப்படியொரு கதை இருக்கும். சொல்பவர் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.

பீக் டிஸ்ட்ரிக்ட் போனால் ஹேஃபீல்டு பக்கம் போடன் பிரிட்ஜ் கல்லுடைப்பிடத்துக்கும் போங்கள். அன்றைய நடை தொடங்கிய அவ்விடத்தில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. படித்துவிட்டு ஏறுங்கள். சாட்ஸ்வொர்த் மாளிகைக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. கிண்டர் மலைக்குக் கிடையாது. அதை 1932-லேயே ஐந்து பேர் கட்டிவிட்டார்கள்.