சிவப்பு ராணிக்கு எத்தனை பல்?

அந்த வீட்டில் ஒரே ஒரு தபால்தலைக்கு மட்டும் பெயர் உண்டு. சிவப்பு ராணி. விக்டோரியா மகாராணியின் முகம், மங்கிய செங்கல் நிறம், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு.

1963-ல் ஆபீஸ் வேலையாகச் சென்னைக்குப் போன அப்பா, மூர் மார்க்கெட்டில் 15 ரூபாய் கொடுத்து அதை வாங்கி வந்தார். மளிகைக் கடை பாக்கிக்காக எடுத்து வைத்திருந்த 15 ரூபாய். அம்மா மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

"உலகத்துலயே முதன்முதலா பல் வெச்சு வந்த தபால்தலைடா இது. பதினாறு பல்! ஒருநாள் வீட்டு விலைக்குப் போகும்" என்று அப்பா சொல்லச் சொல்லக் கேட்டே மூன்று பிள்ளைகளும் வளர்ந்தார்கள்.

அப்பா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மூத்தவருக்கு இப்போது 68 வயது. போன மாதம் தம்பி போனில் மெதுவாக ஆரம்பித்தார். "அந்த ஸ்டாம்ப்பை வித்து மூணு பங்காப் பிரிச்சுக்கலாமாண்ணா? எனக்கும் கொஞ்சம் கடன் இருக்கு." கேட்டதில் தப்பில்லை. ஆனால் விற்பதற்கு முன்னால் அது என்ன என்று தெரிய வேண்டுமே.

பெரியவர் ஆல்பத்தை எடுத்தார். கல்லூரியில் படிக்கும் பேத்தி துணைக்கு உட்கார்ந்தாள்.

1840-ல் இங்கிலாந்தில் வந்த முதல் தபால்தலையான பென்னி பிளாக்குக்கு ஓரத்தில் பல்லே கிடையாது. அடுத்த வருஷம் வந்த சிவப்பு பென்னிக்கும் கிடையாது. ஒரு தாளில் 240 தலைகள். அன்றைய கணக்கில் ஒரு பவுண்டுக்கு 240 பென்னி என்பதால் அந்த எண்ணிக்கை. தபால் ஆபீசில் கத்திரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டித்தான் கொடுக்க வேண்டும். ஹென்றி ஆர்ச்சர் என்ற அயர்லாந்துக்காரர், தாளில் வரிசையாகத் துளை போடும் இயந்திரம் ஒன்றை யோசித்தார். 1853-ல் அரசாங்கம் 4,000 பவுண்டு கொடுத்து அந்த உரிமையை வாங்கியது. அடுத்த வருஷமே பல் வைத்த சிவப்பு பென்னி விற்பனைக்கு வந்தது.

முதலில் போட்டது 16 பல். துளைகள் ரொம்ப நெருக்கம். கையில் எடுக்கும்போதே தாள் பிய்ந்து வந்தது. அதனால் 1855-ல் 14 ஆகக் குறைத்தார்கள். அப்பா சொன்னது இந்தப் பதினாறைத்தான்.

ராணியின் தலைக்கு மேலே இரண்டு மூலையிலும் நட்சத்திரம், கீழே இரண்டு மூலையில் எழுத்து. 1864-க்குப் பிறகு வந்ததில் நாலு மூலையிலும் எழுத்துதான் இருக்கும். ஆக, இது அதற்கு முந்தைய அச்சு. மிச்சம் இருந்த கேள்வி, பதினாறா பதினாலா என்பதுதான்.

பேத்தி செல்போன் கேமராவில் பெரிதாக்கி, நீளவாட்டு ஓரத்தை மேலிருந்து கீழே எண்ணினாள். "தாத்தா, பதினாறு! கொள்ளுத்தாத்தா சொன்னது சரி!"

பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவருக்கும் சந்தோஷம்தான். ஆனாலும், "அட்டை வரட்டும்மா" என்றார்.

பல் அளக்க என்றே ஓர் அட்டை உண்டு. பாரிஸ்காரரான டாக்டர் லெக்ராண்ட் 1866-ல் சொல்லிக் கொடுத்த வழி அது. தலை எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி, 2 சென்டிமீட்டருக்குள் எத்தனை பல் என்பதே கணக்கு. அட்டையில் அளவு அளவாகப் புள்ளி வரிசைகள் இருக்கும். தலையை ஒவ்வொரு வரிசையாக நகர்த்திக்கொண்டே போனால், ஏதோ ஒன்றில் எல்லாப் பல்லும் எல்லாப் புள்ளியோடும் பொருந்தும். (இணையத்தில் இறக்கி வீட்டில் அச்சடித்தால், பிரிண்டர் கொஞ்சம் சுருக்கினாலும் கணக்குத் தப்பும்.) இவர்கள் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் ஒன்று வரவழைத்தார்கள்.

இடுக்கியால் தலையை எடுத்து 16 வரிசையில் வைத்தாள். முதல் இரண்டு பல் பொருந்தியது. மூன்றாவது கொஞ்சம் விலகியது. ஏழாவதில் புள்ளி பள்ளத்துக்குள் போய்விட்டது. பதினைந்திலும் ஒட்டவில்லை. 14-ல் வைத்தபோது கச்சிதமாக உட்கார்ந்தது.

முதலில் எண்ணியது முழு ஓரத்தையும். அது 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். அதில்தான் பதினாறு வந்தது. 14 பல் சிவப்பு பென்னி கோடிக்கணக்கில் அச்சானது. இன்றும் சுலபமாகக் கிடைக்கும்.

பேத்தி எதுவும் பேசவில்லை. உள்ளே கட்டிலில் இருந்து 88 வயது அம்மாவின் குரல் வந்தது. "என்னடா, பதினாலுதானே?"

பெரியவர் எழுந்து போனார். "உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"அவர்தான் ரெண்டு மூணு வருஷம் கழிச்சு இதே மாதிரி ஒரு அட்டை வாங்கிட்டு வந்து அளந்தாரே. முதல்ல முழுசா எண்ணிட்டேன்னார். அன்னைக்குச் சோறே இறங்கலை."

"எங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"நீ அதுக்குள்ள ஸ்கூல் பூராவும் சொல்லிட்டு வந்துட்டே. அப்புறம் அவருக்கு வாய் வரலை. நானும் விட்டுட்டேன். மளிகைக்காரனுக்குத்தான் அதுக்குள்ள கொடுத்து முடிச்சாச்சே."

ராத்திரி தம்பிக்குப் போன் போனது. பதினாலு என்றதும் அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமில்லை. பிறகு, "கடனை நான் வேற வழியில பார்த்துக்கறேன். அதை விக்க வேண்டாம்ணா. பொங்கலுக்கு வர்றப்ப நானும் ஒருதரம் அந்த அட்டையில வெச்சுப் பார்க்கறேன்" என்றார்.